அளக்காத ஐந்து

முகாய் சிசுருவுக்கு 'ஏறக்குறைய' என்ற சொல் வாயில் வராது. ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "எந்த வாசலுக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். இருபத்திரண்டு வயதில் எங்கள் நில அளவை அலுவலகத்துக்குக் கோப்பு அடுக்கவும் தொலைபேசி எடுக்கவும் வந்தவள். வந்த ஆறாம் மாதம், எங்கள் ஆசானும் முதலாளியுமான தகசே சென்செய் வரைந்த ஒரு நிலப்படத்தில் கூட்டல் தப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, அதை அவரிடமே, நிலத்துக்காரர் எதிரிலேயே சொன்னாள். வேறு முதலாளியாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எங்கள் சென்செய் மறுநாள் அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, "நாளையிலிருந்து வெளி வேலைக்கு வா" என்றார்.

நான் ஓகி. கம்பு பிடிக்கிறவன். உச்சியில் கண்ணாடி பொருத்திய கம்பை எல்லைக்கல்லின் மேல் நட்டமாக நிறுத்துவது என் வேலை. தூரத்தில் கருவிக்குப் பின்னால் நின்று அந்தக் கண்ணாடியைப் பார்த்து அளப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் இப்படியே வயலிலும் கடற்கரையிலும் மூங்கில் தோப்பிலும் ஒருவரை ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே காலம் ஓடியது. அவளுக்குக் கல்யாணம் நடந்ததும், நான்கு வருடத்தில் அது முறிந்ததும், நில அளவையாளர் உரிமத் தேர்வில் ஐந்து முறை தோற்று ஆறாவது முறை தேறியதும் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடந்தன. தோற்ற ஐந்து முறையும் எத்தனை மதிப்பெண்ணில் தோற்றாள் என்று எனக்குத் தெரியும். கேட்காமலேயே சொல்வாள்.

அளப்பது பாதி வேலைதான். பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து கல்லருகே நின்று, "ஆமாம், இதுதான் எல்லை" என்று சொல்லிக் காகிதத்தில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தினால்தான் முடிந்த மாதிரி. எல்லைக்கு நிற்பது என்று இதைச் சொல்வோம். முப்பது வருடம் பேசாத அண்ணன் தம்பிகள் எல்லாம் அன்றைக்கு எதிரெதிரே வந்து நிற்கவேண்டியிருக்கும். முகாய் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள். மீன் கடைக்காரரின் மதில் பக்கத்து மனைக்குள் நான்கு சென்டிமீட்டர் போயிருக்கிறது என்று அவள் சொன்னதால், மூன்று வருடம் அந்த மனிதர் எங்களுக்கு மீன் விற்கவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் முன்கூட்டியே போய், ஒரு பொட்டலம் அரிசி பிஸ்கட்டை வைத்துவிட்டு, அவர்கள் முழங்கால் வலியையெல்லாம் விசாரித்துவிட்டு வருவது நான். எனக்குச் சம்பளம் என்னவோ கம்பு பிடிப்பதற்குத்தான்.

போன வருடம் இலையுதிர் காலத்தில், மார்ச்சோடு அலுவலகத்தை மூடுவதாக சென்செய் சொன்னார். கண் மங்கிவிட்டது, ஹிரோஷிமாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். முகாயிடம் உரிமம் இருந்தது. அவள் சொந்தமாகத் தொடங்குவதென்று முடிவு செய்தாள். என்னிடம் என்ன இருந்தது? ஐம்பத்தேழு வயது, ஒரு இடுப்பு வலி, கம்பை அசையாமல் பிடிக்கத் தெரிந்த இரண்டு கைகள். பக்கத்து நகரத்து நிறுவனங்களிலெல்லாம் ஒற்றை ஆளே அளந்துவிடும் கருவி வந்துவிட்டது. அது முக்காலியில் தானே திரும்பும். கம்போடு நடக்கிற ஆளைத் தேடித் தொடரும். முகாய் என்னை வைத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் கம்பு பிடிப்பவனுக்கு இந்தக் கடற்கரையில் இனி வேலை இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க என் மனதில் ஓடியது இது ஒன்றுதான்.

என் மனைவி ஃபுசாயே ஒவ்வொரு நாளும் சூப்பை என் முன்னால் வைக்கும்போதே கேட்பாள்.

"ஏங்க, முகாய் சான் ஏதாவது சொன்னாங்களா?"

"திட்டம் எழுதிட்டிருக்காங்க."

"அதான் ஒரு மாசமா எழுதறாங்களே. நீங்களே வாயைத் திறந்து கேட்டா என்ன?"

கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பயம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கருவி வாங்கக் கடன் வேண்டும். கடன் வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக்குத் தொழில் திட்டம் எழுதித் தரவேண்டும். முகாய் கடைவீதியில் மூடிக்கிடந்த ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்கு எடுத்திருந்தாள். வேலை முடிந்ததும் அங்கே போய், சுவரளவு கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து எழுதுவாள். ஜனவரியில் ஒரு மாலை, பனியும் மழையும் கலந்து அடிக்க, மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். உதவி செய்யப் போனதாகத்தான் சொல்லிக்கொண்டேன். மேஜையில் திட்டத்தாளும், அதற்குக் கீழே அந்த ஒற்றை ஆள் கருவியின் விளம்பரத் தாளும் இருந்தன. விளம்பரத்தில் ஒரு இளைஞன் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் பல்லைப் பார்த்தாலே எனக்கு எரிந்தது.

திட்டத்தை வாங்கிப் படித்தேன். தொழில் தொடங்கும் காரணம் என்ற கட்டத்தில், 'வேலை செய்யும் அலுவலகம் மூடப்படுவதால்' என்று எழுதியிருந்தாள்.

"இதைப் படிச்சா உங்க மேல பரிதாபம்தான் வரும். கடன் வராது" என்றேன்.

"உண்மை அதுதானே ஓகி சான்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்கப் போறவன், எங்க வீட்ல சமைக்க ஆளில்லைன்னா சொல்லுவான்?"

"சொல்லணும். அப்புறம் தெரிஞ்சா சண்டை வரும்."

பேசிப் பயனில்லை என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மாதத்துக்கு எத்தனை வேலை எதிர்பார்க்கிறீர்கள் என்ற கட்டத்தில், அச்செழுத்து போன்ற அவள் கையெழுத்தில் மூன்று என்று இருந்தது. அதன் பக்கத்தில் கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி, அப்புறம் ஒரு இரண்டு.

"இது என்ன முகாய் சான்?"

"சென்செயோட பதிவேட்டுல மூணு வருஷத்தை எடுத்து சராசரி போட்டேன். மாசம் மூணு வேலை. பக்கத்துல இருக்கறது பிழை எல்லை. சில மாசம் அஞ்சு வரும், சில மாசம் ஒண்ணு."

"கடன் கொடுக்கிறவங்ககிட்ட, மாசம் ஒரே ஒரு வேலை வந்தாலும் வரும்னு எழுதியா கொடுப்பீங்க?"

"வருதே. போன பிப்ரவரியில ஒண்ணுதான் வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் தன் வருங்காலத்துக்குப் பிழை எல்லை போட்டிருக்கமாட்டான். சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன். பணியாளர் எண்ணிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். பேனாவை மூடினாள், திறந்தாள்.

"பத்து நாளா அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். மூணு வேலைக்கு ரெண்டு பேர் சம்பளம் வராது. நாலுக்கும் வராது. அஞ்சு வந்தா வரும்."

இத்தனை வருடத்தில் அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது பயம்தான் என் வாயில் உட்கார்ந்து பேசியது.

"அஞ்சுன்னே எழுதுங்க."

"அது அளந்த எண் இல்லையே."

"நடந்ததைத்தான் அளக்க முடியும். நடக்கப் போறதை எதை வச்சு அளக்கிறது? வாரிசா வந்த நிலத்தைப் பதிஞ்சே ஆகணும்னு சட்டம் வந்தாச்சு. ஒசாகாவுல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் அப்பன் வீட்டு எல்லை எங்கேன்னு தெரியாம முழிக்குதுங்க. எல்லாரும் உங்களைத்தான் கூப்பிடப் போறாங்க. அஞ்சு என்ன, ஆறே வரும்."

"ஆறு வேண்டாம்" என்றாள் அவசரமாக.

புதுத் தாள் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து பேனாவால் எழுதினாள். வேலை ஐந்து. பணியாளர் ஒன்று. அந்த ஒன்றை எழுதும்போது தலை நிமிராமல், "உங்களுக்கு இடுப்புப் பட்டை ஒண்ணு வாங்கணும். வாங்கப் போற சாமான்ல சேர்த்துடறேன்" என்றாள். வீட்டுக்குப் போய் நான் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன். ஃபுசாயே ஒன்றும் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்திருக்கும்.

அந்த நிம்மதி மூன்று நாள் கூட நிற்கவில்லை. எங்கள் வெளி வேலைக் குறிப்பேட்டில் ஒரு சட்டம் உண்டு: கண்ணால் பார்க்காத எண்ணை எழுதக்கூடாது. எழுதின எண்ணை அழிக்கவும் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு இழுக்கவேண்டும், கீழே இருக்கும் தப்பு எண் தெளிவாகத் தெரியும்படி. மேலே சரியான எண். பக்கத்தில் சிறு முத்திரை, இன்னார் தப்பு செய்தார் என்பதற்கு. மழையில் நனைந்துகொண்டு எழுதினாலும் இதுதான். அப்படி எழுதிப் பழகியவளை, கண்ணால் பார்க்காத எண் ஒன்றை நான் எழுதவைத்துவிட்டேன்.

அவளுக்கும் அது உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது. ஒரே கோணத்தை இரண்டு தடவை பார்ப்பவள் நான்கு தடவை பார்த்தாள். மதியம் கொண்டுவந்த சோற்று உருண்டையைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துப் போனாள். என் கம்பில் இருக்கும் நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்க மாட்டேன் என்று ஓடியது. என் கைகள் என்னை முதல் முதலாகக் காட்டிக்கொடுத்தது அப்போதுதான். கண் மங்கிய சென்செய்க்கே தெரிந்துவிட்டது.

"என்ன, ரெண்டு பேரும் யாரோட எல்லைக்கல்லையோ பிடுங்கி ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கீங்க?" என்றார்.

முகாய் காது மடல் வரை சிவந்து, வண்டியில் எதையோ தேடப் போய்விட்டாள்.

பிப்ரவரி நடுவில் கடன் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார், கடையை நேரில் பார்க்க. பெயர் இனுகாய். முப்பத்தைந்து வயது இருக்கும், மிக மரியாதையான மனிதர். கழற்றின செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தேநீர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாவது முறை தலையசைத்தார். அவர் கத்திப் பேசுகிறவராக இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். நான் தட்டோடு பின்னால் நின்றேன். எதிர்க் கண்ணாடியில் எங்கள் மூன்று பேர் முகங்களும் தெரிந்தன. ஒளிய இடமில்லை.

வரிவரியாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் வேலை ஐந்து என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"முகாய் சான், எல்லாக் கணக்கும் ரொம்பத் துல்லியமா இருக்கு. வாடகையைக் கூட நாள் கணக்குல போட்டிருக்கீங்க. இந்த அஞ்சுக்கு மட்டும் ஆதாரம் எதுவும் சேர்க்கலையே?"

"புதுச் சட்டம் வந்திருக்கு…" என்றாள். "அதனால வாரிசுகள்… ஒசாகாவுலேர்ந்து…"

என் வார்த்தைகள்தான். அவள் வாயில் அவை நிற்கவில்லை, ஒவ்வொன்றாக விழுந்தன. சென்செயின் பதிவேட்டு நகல் அவள் மடியில் இருந்தது. அதன் ஓரத்தை விரலால் உருட்டி உருட்டிச் சுருள வைத்துக்கொண்டிருந்தாள். இனுகாய் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் அவள் ஒரு பொய்யை முழுதாகச் சொல்லி முடித்துவிடுவாள் என்று தோன்றியது. எனக்காகச் சொல்வாள். அதற்கப்புறம் ஆயுளுக்கும் அவளால் ஒரு கல்லருகே நிமிர்ந்து நிற்க முடியாது. தேர்வில் ஐந்து முறை தோற்றபோது கூட அவள் அப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை.

"அது அளந்த எண் இல்லைங்க" என்றேன். "நான் சொல்லி எழுத வச்சது."

இனுகாய் திரும்பிப் பார்த்தார். முகாயும் பார்த்தாள். கண்ணாடியில் நானும் என்னைப் பார்த்தேன், தேநீர்த் தட்டோடு ஒரு கிழவன்.

"பதிவேட்டுப்படி மூணு. கூடக்குறைய ரெண்டு. அஞ்சுன்னு போட்டாத்தான் என் சம்பளம் வரும்னு நான்தான் வற்புறுத்தினேன். இவங்க எழுதின முதல் தாள்ல சரியாத்தான் இருந்துச்சு."

"ஓகி சான், நீங்க பேசாம இருங்க" என்றாள் முகாய்.

"இருபத்திரண்டு வருஷமா பேசாமத்தானே கம்பு பிடிச்சேன்."

இனுகாய் பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் திட்டியிருக்கலாம். அவர் கேட்ட கேள்வி அதைவிடக் கடினமாக இருந்தது.

"ஓகி சான், உங்களையே கேட்கிறேன். பட்டியல்ல இருக்கிற இந்த ஒற்றை ஆள் கருவியை வாங்கினா உங்களுக்கு இங்கே என்ன வேலை இருக்கும்?"

கம்பைப் பிடித்துக்கொண்டு அவளே நடப்பாள். கருவி அவளைத் தொடரும். எனக்கு அது தெரியும், விளம்பரத் தாளை அவளைவிட அதிக முறை படித்தவன் நான்தான். முகாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அளக்கிற வேலை எதுவும் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரங்களைக் கூட்டிட்டு வந்து எல்லைக்கு நிற்க வைக்கிற அன்னைக்கு நான் இருந்தா நல்லது. மூணு வேலைன்னா மாசம் மூணு நாள்."

"மூணு நாளுக்குத் தினக்கூலியா போட்டா திட்டம் தாங்கும்" என்றார் இனுகாய், கணிப்பானைத் தட்டிப் பார்த்துவிட்டு. நல்ல மனிதர்தான். அவ்வளவு கனிவான குரலில் அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முகாய் ஐந்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மேலே மூன்று எழுதி, பக்கத்தில் முத்திரை குத்தினாள். அடுத்து பணியாளர் ஒன்று. பேனா முனை அந்த ஒன்றுக்கு மேலேயே நின்றது. கோடு வரவில்லை. நான் தட்டை வைத்துவிட்டு, முத்திரை மைப்பெட்டியை அவள் கைப்பக்கம் நகர்த்தினேன். அப்புறம் கோடு போட்டாள்.

அவர் போனதும் அவள் பின்கட்டுக்குப் போய், முன்பு ஆட்களுக்குத் தலை கழுவிவிட்ட பீங்கான் தொட்டியில் மூன்று தேநீர்க் கிண்ணங்களைக் கழுவினாள். மூன்று கிண்ணம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் உள்ளே போகவில்லை. வெளியே வந்தபோது, "ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள். "இடுப்புப் பட்டையையும் அடிச்சிடுங்க, அது இன்னும் சாமான் பட்டியல்ல இருக்கு" என்றேன். அவள் அதை அடிக்கவில்லை.

பொய்யில்லாமல் சொல்கிறேன், அடுத்த வாரம் முழுக்க எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. இனுகாய் மேல், கருவி மேல், உண்மையைச் சொன்ன என் மேல், அதைச் சொல்ல வேண்டியதாக்கிய அவள் நாணயத்தின் மேல். ஃபுசாயேயிடம் சொன்னபோது அவள் என் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். "சரி, மீன் ஏலக்கூடத்துல பெட்டி கழுவ ஆள் கேட்கிறாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் தொடக்கத்தில் கடன் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. உறை கனமாக இருந்தது. மெல்லிய உறை என்றால் இல்லை என்று அர்த்தம். கனமானது என்றால் கையெழுத்துப் போடவேண்டிய தாள்கள். முகாய் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, பிரிக்காத அந்த உறையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். "நீங்க பிரிங்க, என்னால முடியாது" என்றாள். நான் வாங்கி ஃபுசாயே பக்கம் நீட்டினேன். கடைசியில் ஃபுசாயேதான் பிரித்தாள். கேட்ட தொகை முழுசும் கிடைத்திருந்தது.

இப்போது காலையில் மீன் ஏலக்கூடத்தில் பெட்டி கழுவுகிறேன். மே மாதம் முகாயின் முதல் வேலைக்குப் போனேன், தினக்கூலிக்கு. மலையடிவாரத்தில் ஒரு வீட்டுமனை. பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரையும் முந்தின நாளே பார்த்துப் பேசிக் கூட்டி வந்திருந்தேன். கருவி முக்காலியில் தானாக நின்றது. முகாய் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சரிவில் ஏறிப் போனாள். கருவியின் தலை அவளைப் பார்த்தபடியே திரும்பிக்கொண்டு போனது. நான் அதன் பக்கத்தில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தூரத்து மூலையில் அவள் கம்பை நிறுத்தினாள். கருவி ஒரு முறை ஒலித்தது, அளந்துவிட்டது என்று. எண் அவள் கையிலிருக்கும் பெட்டிக்கே போய்விடும், அவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் கைகள் தாமாக மேலே எழுந்து, தலைக்கு மேல் விரல்களைக் கோத்து ஒரு வட்டம் காட்டின. 'எடுத்தாச்சு, அடுத்த கல்லுக்குப் போகலாம்' என்பதற்கு அதுதான் சைகை. இத்தனை வருடமும் கருவிக்குப் பின்னாலிருந்து அவள் எனக்குக் காட்டியது. செய்தபிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. பக்கத்து நிலத்துக் கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சரிவின் மேல் முகாய் அசையாமல் நின்றாள். பதிலுக்கு அதே வட்டத்தைக் காட்ட இரண்டு கையும் வேண்டும். அவள் கம்பைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வட்டம் காட்டினாள். கம்பு உச்சியின் கண்ணாடியைத் தவறவிட்ட கருவி கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு இடமும் வலமும் அவளைத் தேடியது. அவள் கைகளை இறக்கவில்லை.